மூன்று படி ஏறிய மீன்

நோர்வேயின் வடக்குத் தொங்கலில், இதற்கு மேலே போனால் கடலும் பனியும் கடவுளும்தான் என்று தபால்காரனே சொல்லுகிற ஓர் ஊரில், முப்பத்திரண்டு வருசமாக மீன் பக்டரியில் மீன் வெட்டிய பரராசசிங்கத்தின் வீட்டுக்கு ஒரு சால்மன் மீன் வாசல் படி மூன்றும் ஏறி வந்தது. நம்பமாட்டேன் என்கிற ஆட்கள் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக் குடிக்கலாம், எனக்கு ஒரு கோபமும் இல்லை. வந்தது வந்ததுதான். அதுவும் ஒரு தரமல்ல, ஐந்து தரம். ஏன் வந்தது என்று கேட்டால் ஊரிலுள்ள எண்ணூறு பேரும் எண்ணூறு காரணம் சொல்லுவார்கள், அதில் தொண்ணூறு பேர் எங்கள் ஆட்கள் என்றபடியால் அந்தத் தொண்ணூறு காரணமும் கொஞ்சம் சத்தமாகவே இருக்கும். ஒரு காரணமும் பிடிபடாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற ஒரே மனிதர் பரராசசிங்கம்தான்.

பாவம், எதற்கும் காரணம் கேட்டே பழகின மனிசன் அவர். யாழ்ப்பாணத்தில் தகப்பனுக்கு நாற்பது பரப்புத் தோட்டமும், கிணற்றடியில் யாரை அண்ட விடுவது, யாரை விடக்கூடாது என்ற கணக்கும் இருந்தன. முப்பது வயதில் நாட்டை விட்டு ஓடி வந்தபோது தோட்டத்தைக் கொண்டுவர முடியவில்லை, கணக்கை மட்டும் கொண்டு வந்துவிட்டார். வந்த மூன்றாம் நாளே கையில் கத்தியும் காலில் றப்பர் சப்பாத்துமாகக் கொட் மீனின் வயிற்றைக் கீறத் தொடங்கினவர், அறுபத்திரண்டு வயதில் ஓய்வு பெறும் வரைக்கும் கீறிக்கொண்டே இருந்தார்.

ஓய்வு பெற்ற அன்றைக்குப் பக்டரிக்காரர் எல்லாரும் சேர்ந்து அவருக்கு ஒரு தூண்டில் தடியும், ஸ்காலி ஆற்றின் மேல்பகுதியில் ஆவணிக் கடைசியில் ஒரு கிழமை சால்மன் பிடிக்கிற அனுமதிச் சீட்டும் கொடுத்தார்கள். இத்தனை வருசமாகச் செத்த மீனையே தொட்டாயே, ஒரு உயிருள்ள மீனையும் தொட்டுப்பார் என்றார்கள். அந்தச் சீட்டுக்காகப் பணக்காரர் எங்கெங்கோ இருந்து விமானம் பிடித்து வருவார்கள். பரராசசிங்கத்துக்கோ தடியை எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்றே தெரியாது.

பழக்கினவன் பக்கத்து வீட்டு ஓட்வார். ஆற்றுக்குக் காவல்காரன், ஆறடி நாலங்குலம், மங்கையர்க்கரசி சுடுகிற மட்டன் றோல்சுக்காகத் தன் சொத்தையே எழுதிக் கொடுக்கக் கூடியவன். மங்கையர்க்கரசி என்றது பரராசசிங்கத்தின் மனைவி. ஓட்வார் கோழி இறகையும் பட்டுநூலையும் சுற்றிக் கட்டின ஒரு பொய்ப்பூச்சியை நீட்டினான். பரராசசிங்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில இரை எங்கை?"

"இரை கிடையாது. ஆற்றுக்குள் வந்த சால்மன் ஒன்றும் சாப்பிடாது. கடலில் தின்றதோடு சரி. பிறந்த இடத்துக்குப் போய் முட்டையிடும் வரைக்கும் பட்டினிதான்."

"விரதம் இருக்கிற மீன் உந்த இறகை ஏன் கடிக்குது?"

ஓட்வார் தொப்பியைக் கழற்றி ஆற்றைப் பார்த்தான். "தெரியாது," என்றான். "கோபமாக இருக்கலாம். பழைய ஞாபகமாக இருக்கலாம். என் அப்பாவுக்கும் தெரியாது, அவருடைய அப்பாவுக்கும் தெரியாது."

இதென்ன கோதாரி, ஏன் கடிக்குது என்றே தெரியாத மீனுக்கு இடுப்பளவு குளிர்தண்ணியில் நின்று தடியை விசுக்கிறதா என்று பரராசசிங்கம் நினைத்தார். ஆனாலும் நின்றார். இரண்டு நாள் விசுக்கியதில் தன் தொப்பியை இரண்டு தரமும் ஓட்வாரின் காதை ஒரு தரமும் பிடித்தார். மூன்றாம் நாள் மத்தியானம், மங்கையர்க்கரசி பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு கரைக்கு வந்து இறங்கின நேரம் பார்த்து, தடி வில்லாய் வளைந்து, கயிறு கிறீச்சிட்டு ஓடி, பரராசசிங்கம் "ஐயோ, ஐயோ, ஓட்வார், என்னை இழுக்குது" என்று கத்திக்கொண்டே வழுக்குக் கல்லுகளில் ஆற்றோடு கீழே ஓட, ஓட்வார் பின்னால் ஓட, பிட்டுப் பெட்டியோடு மங்கையர்க்கரசியும் கரையால் ஓட, முக்கால் மணித்தியாலம் கழித்து ஒரு வெள்ளிக்கட்டி கரையோரத்தில் பக்கம் சாய்ந்தது. பன்னிரண்டு கிலோ. பெண் மீன். வயிறு முட்ட முட்டை.

அந்த ஆற்றுச் சட்டப்படி பெரிய பெண் மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். பிடித்த மீனை விடுவதாவது, இதற்கு ஏன் பிடிப்பான் என்று பரராசசிங்கம் வாய் திறக்க முதல் மங்கையர்க்கரசி முழங்காலளவு தண்ணிக்குள் இறங்கிவிட்டாள். குனிந்து மீனின் வயிற்றைத் தடவினாள். "ஐயோ, பிள்ளைத்தாச்சியப்பா!" என்றாள். கைப்பைக்குள் இருந்த குங்குமச் சிமிழை எடுத்து மீனின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். பிட்டில் ஒரு பிடி எடுத்து வாயண்டை நீட்டினாள்.

"அது தின்னாதெண்டு ஓட்வார் சொன்னவன்," என்றார் பரராசசிங்கம்.

"நீங்கள் சும்மா இருங்கோ. வயித்துப் பிள்ளைக்காரியை ஆராவது வெறும் வாயோட அனுப்புவினமே?"

மீன் பிட்டைத் தின்றது. ஓட்வார் இரண்டாவது தரம் தொப்பியைக் கழற்றினான். பிறகு பரராசசிங்கத்தின் கையைப் பிடித்து, வால் தொடங்கும் இடத்தில், மணிக்கட்டுப் போல ஒடுங்கின அந்த இடத்தில் வைத்தான். "தலையை நீரோட்டத்துக்கு நேரே பிடி. தள்ளாதே, இழுக்காதே. சும்மா பிடித்துக்கொண்டு பொறு. பலம் வந்ததும் தானாகப் போவாள்." அப்படியே போனாள். தண்ணிக்குள் நெடுந்தூரம் வரைக்கும் அந்தக் குங்குமம் கரையாமல் தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பி வந்த வழி முழுக்க மங்கையர்க்கரசி கதைக்கவில்லை. அவள் ஏன் கதைக்கவில்லை என்று பரராசசிங்கத்துக்கு நன்றாகத் தெரியும், அதற்கு மட்டும் அவர் காரணம் கேட்கவில்லை. அவர்களுக்கு ஒரே ஒரு மகள், நிரோசினி, இருபத்தொன்பது வயது. அவள் பிறந்த கிழமை பனிப்புயலில் மலைப்பாதை மூடி, அம்புலன்ஸ் வராமல், தொலைபேசியில் ஒரு தாதி நோர்வே மொழியில் ஏதோ சொல்லச் சொல்ல, பாதி விளங்காமல், கொதிதண்ணியில் போட்டெடுத்த மீன் கத்தியால் தொப்புள்கொடியை அறுத்தவர் பரராசசிங்கம். அந்த வீட்டுக் குளியலறையில்தான். தாதி சொன்னதில் அவருக்கு விளங்கினது ஒரு சொல்தான்: பொறு, பொறு, பொறு.

அப்படிப் பிறந்த பிள்ளையைத்தான் நாலு வருசத்துக்கு முந்தி வாசலில் நிறுத்தி, "உவனைக் கட்டினால் இந்தப் படியேறாதை" என்று சொன்னார். உவன் என்றது ஜெறோம். நல்ல பிள்ளை, கரையோரமாக ஓடுகிற பயணிகள் கப்பலில் எந்திரம் பார்க்கிறவன், குடி இல்லை, சிகரெட் இல்லை. ஒரேயொரு குற்றம், அவனுடைய அப்பப்பா பருத்தித்துறைப் பக்கத்தில் மீன் பிடித்தவர். முப்பது வருசம் மீன் செதில் ஒட்டின கையை நீட்டி, மீன் பிடித்தவனின் பேரனுக்குப் பெண் தரமாட்டேன் என்று ஒரு மனிசன் சொன்னால் சிரிப்பதா அழுவதா? சொன்ன நேரம் மங்கையர்க்கரசி இரண்டையும் செய்தாள். நிரோசினி படியிறங்கிப் போனவள்தான். இப்போது ஒஸ்லோவில் ஏழு மாத வயிற்றோடு இருக்கிறாள். தலைப்பிள்ளை. எங்கள் வழக்கத்தில் தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில்தான். தாய் தொலைபேசியில் அழுதபோது அவள் சொன்ன மறுமொழி ஒன்றுதான்: "அப்பா கூப்பிட்டால் வாறன். கூப்பிடாட்டி நீங்களும் இஞ்சை வராதேங்கோ."

அப்பா கூப்பிடவில்லை. கார்த்திகை முதல் கிழமை பேறு நாள்.

மீனை விட்டு மூன்றாம் நாள் காலை, பேப்பர் எடுக்கக் கதவைத் திறந்த பரராசசிங்கம், மூன்றாம் படியில், கால்மிதியின் மேல், அந்த மீன் கிடப்பதைக் கண்டார். நெற்றியில் பொட்டு. கடலிலிருந்து வீட்டுப் பக்கமாக வருகிற வாய்க்காலில் இரண்டு விரல்கடைத் தண்ணிதான் ஓடும். அதால் வந்து, புல்லைத் தாண்டி, படி மூன்றும் ஏறியிருக்கிறது. நீர்வீழ்ச்சி பாய்கிற சாதிக்கு மூன்று படி ஒரு பொருட்டா என்று ஓட்வார் பிறகு சொன்னான். சொன்னது சரி, ஆனால் அது பரராசசிங்கம் கேட்ட கேள்விக்கு மறுமொழி இல்லை.

"மங்கை! இஞ்சை ஒருக்கா ஓடி வாரும்!"

மங்கையர்க்கரசி வந்து பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. "வாசலிலை வச்சுக்கொண்டு என்னப்பா பாக்கிறியள், உள்ளுக்குத் தூக்குங்கோ," என்றாள். குளியலறைத் தொட்டியில் குளிர்தண்ணி நிரப்பி மீனை விட்டார்கள். அது ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, சொந்த அறைக்கு வந்த ஆள் மாதிரி அமைதியாகக் கிடந்தது. பரராசசிங்கம் பக்டரியில் இருந்து ஒரு மீன்பெட்டி வாங்கி, தண்ணி நிரப்பி, காரில் ஏற்றி, ஆற்றுப் பாலத்தடியில் கொண்டுபோய் விட்டார். தலையை நீரோட்டத்துக்கு நேரே பிடித்தார், பொறுத்தார், போனது. ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. அந்த முறை நீர்வீழ்ச்சிக்குக் கீழே விட்டார். திரும்பி வந்தது. நீர்வீழ்ச்சிக்கு மேலே விட்டார். திரும்பி வந்து, கதவு பூட்டியிருந்தபடியால், வாலால் இரண்டு தரம் தட்டியது.

இதற்குள் ஊர் பழகிவிட்டது. மனிசர் பழகாத ஒன்று உலகத்தில் இல்லை. பால் வண்டிக்காரன் வாய்க்கால் கடக்கும் இடத்தில் மெதுவாகப் போகத் தொடங்கினான். பனிமான் கடக்கும் என்று எழுதின பலகைக்குப் பக்கத்தில் யாரோ ஒரு மீன் பலகையும் நட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வந்து தொட்டியைப் பார்த்துப் படம் கீறிக்கொண்டு போனார்கள். ஓட்வார் ஆற்றுக் காவல் படிவத்தில் "பிடிபட்ட விதம்" என்ற இடத்தில் நெடுநேரம் யோசித்து, "தானாக வந்தது" என்று எழுதினான். வழி தவறின மீன் என்றார்கள் நோர்வேக்காரர். தவறினால் ஒரு தரம் தவறும், இது என்ன வாடிக்கையாகத் தவறுது என்று பரராசசிங்கம் கேட்டதற்கு அவர்கள் தோளைக் குலுக்கிக் கோப்பி குடித்தார்கள்.

எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? தமிழ்ச் சங்கம் பள்ளிக்கூட மண்டபத்தில் அவசரக் கூட்டம் கூட்டியது. தலைவர் கனகலிங்கம் மாஸ்டர், முந்தி ஊரில் விஞ்ஞானம் படிப்பித்தவர், ஒரு மணித்தியாலம் சால்மனின் மோப்ப சக்தியைப் பற்றிப் பேசினார். பிறந்த ஆற்றின் மணம் அதன் மூக்கில் சாகும்வரை இருக்குமாம். "அப்ப என்ரை வீட்டுத் தொட்டியிலையோ அது பிறந்தது?" என்று பரராசசிங்கம் எழும்பிக் கேட்டார். மண்டபம் சட்டென்று அமைதியாகி, எல்லாரும் தங்கள் தங்கள் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்கள். ஏன் அமைதியானார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை.

அமைதியைக் கலைக்க ஒருவர், மீன் தொட்டிக்குள் முட்டையிட்டால் வீட்டுக்குத் துடக்கா என்று கேட்டார். ஒரு பிள்ளைக்கு முப்பத்தொரு நாள் துடக்கு என்றால் பதினையாயிரம் முட்டைக்கு எத்தனை நாள்? கைத்தொலைபேசியில் கணக்குப் பார்த்தவர் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் வருசம் என்றார். அவ்வளவு காலம் கோயிலுக்குப் போகாமல் இருக்கேலாது என்று சபை கவலைப்பட்டது. ஒஸ்லோவில் இருந்து தொலைபேசியில் வந்த ஐயர், மீன் எந்தக் கோத்திரம் என்று கேட்டுவிட்டு, தானே குழம்பி, பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டார். "நல்ல சினை மீன், குழம்பு வச்சால் சங்கத்துக்கே காணும்" என்ற ஒருவரை அவருடைய மனைவியே வெளியில் அனுப்பினாள்.

மூன்றாம் தரம் மீன் வந்து தங்கின இரண்டு நாளும் பெண்கள் சும்மா இருக்கவில்லை. பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டு வந்தார்கள், எள்ளுருண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள், தொட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருந்து தங்கள் தங்கள் பேறுகாலக் கதைகளை மீனுக்குச் சொன்னார்கள். ஒருத்தி கண்ணாடி வளையல் கொண்டுவந்தாள். வளைகாப்பு எங்களுடைய வழக்கமே இல்லை, இந்தியச் சீரியல் பார்த்து வந்த பழக்கம், இருந்தாலும் ஆசைக்கு யார் தடை போடுவது? மீன் வாலை மடித்துக் கொடுக்க, அந்த மணிக்கட்டில் ஒரு சிவப்பு வளையல் ஏறியது. குசினியில் மங்கையர்க்கரசி மல்லியும் மிளகும் மஞ்சளும் வறுத்து, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குத்தூள் இடித்துக்கொண்டிருந்தாள்.

"மீனுக்கும் சரக்குக் கறியோ?" என்றார் பரராசசிங்கம்.

அவள் உலக்கையை நிறுத்தாமல் அவரைப் பார்த்தாள். "தானாடாட்டிலும் தன் தசை ஆடுமெண்டு சொல்லுவினம். உங்களுக்கு எந்தத் தசை இருக்கோ தெரியேல்லை," என்றாள். இதற்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் யோசித்தார். குளியலறைக்குப் போய்த் தொட்டி விளிம்பில் இருந்தார். மீன் அவரைப் பார்த்தது. அவர் மீனைப் பார்த்தார். பசிதான் என்று நினைத்து ஒரு பணியாரம் தின்றார், பிறகு இன்னொன்றும் தின்றார்.

நாலாம் தரம் அவர் வேறு ஆற்றுக்கே கொண்டு போனார். மலைக்கு அந்தப் பக்கம், அறுபது கிலோமீற்றர், வேறு கடலில் விழுகிற ஆறு. விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்து காரில் ஏறினார். வரும் வழியில் தான் ஏன் ஓடினேன் என்று யோசித்து யோசித்து, ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு, இருட்ட முதல் வரவேண்டிய மனிசன் பொழுதுபட்டு வந்தார்.

ஐப்பசி நடுவில் முதல் ஐஸ் பிடித்தது. அந்தக் காலை மீன் மூன்றாம் படியில் கிடந்தது, ஆனால் முந்தின மாதிரி அல்ல. வெள்ளி நிறம் போய்ச் செம்பாகி, செதில் சில உரிந்து, மூச்சு அவசரமாக இருந்தது. ஓட்வார் குனிந்து வயிற்றைத் தொட்டான், முகம் கறுத்தது.

"இன்றைக்கோ நாளைக்கோதான். சரளைக் கல்லில் போய் இடாவிட்டால் முட்டையும் போகும், இவளும் போவாள். தொட்டியில் இட்டால் ஒன்றும் பொரிக்காது."

மங்கையர்க்கரசி படியில் இருந்துவிட்டாள். அவள் அழுததை நாலு வருசத்துக்குப் பிறகு பரராசசிங்கம் நேருக்கு நேர் பார்த்தார். "ஒருக்காலாவது நேராய்க் கொண்டுபோய்ச் சேருங்கோவன்," என்றாள். "இந்தப் பிள்ளையையாவது."

போனார்கள். ஓட்வார் வண்டியை ஓட்ட, பரராசசிங்கம் பின்னால் மீன்பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி இருக்க, இரண்டு மணித்தியாலம், தார் வீதி முடிந்து, கல்லு வீதி முடிந்து, வீதியே முடிந்து, ஆறு பிறக்கிற இடத்துச் சரளைப் படுகைக்குப் போனார்கள். கரையோரம் ஐஸ் கண்ணாடி மாதிரி. பரராசசிங்கம் இடுப்பளவில் இறங்கி, வளையல் போட்ட அந்த மணிக்கட்டைப் பிடித்து, தலையை நீரோட்டத்துக்கு நேரே வைத்துப் பொறுத்தார். கால் மரத்தது. பொறுத்தார். மீன் போகவில்லை. கையைத் தளர்த்தினால் அவருடைய வயிற்றோடு வந்து சாய்ந்தது.

"ஏன் போகுதில்லை?" என்று கத்தினார்.

"தெரியாது!" என்றான் ஓட்வார் கரையில் இருந்து.

"உனக்கு எப்பவும் தெரியாது! உங்கள் ஆட்களுக்கும் தெரியாது, எங்கள் ஆட்களுக்கும் தெரியாது! என்ரை வீட்டிலை என்ன இருக்கு? ஒரு தொட்டி! மூண்டு படி!" குனிந்து மீனிடமே கேட்டார். "ஏன் பிள்ளை அங்கை வாறாய்? ஏன் பிள்ளை?"

பிள்ளை என்ற சொல் தன் வாயால் போனதைத் தன் காதாலேயே கேட்டார். நாலு வருசமாக அந்தச் சொல்லை அவர் சொன்னதில்லை. விளங்கியது என்று சொல்லமாட்டேன், அந்த மனிசனுக்கு அன்றைக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்காமலே செய்ய வேண்டிய காரியங்களும் இருக்கின்றன. கத்தியும் கையுமாகக் குளியலறையில் நின்றபோது என்ன விளங்கிச் செய்தார்?

"ஓட்வார், என்ரை போனை எடு. நிரோ எண்டு இருக்கும். அமத்து. என்ரை காதிலை பிடி."

அந்த நெட்டை மனிசன் சப்பாத்தோடு தண்ணிக்குள் இறங்கி வந்து போனைக் காதில் பிடித்தான். மேட்டில் தொலைபேசிக் கோபுரம் இருந்தபடியால் மணி போனது.

"ஹலோ? ஆர்?"

"அப்பா."

மறுபக்கத்தில், தூரத்தில், கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டது. முப்பத்திரண்டு வருசமாக அவர் கேட்டுப் பழகின ஊதல், அவர்களுடைய சொந்த இறங்குதுறையில் வந்து நின்ற பயணிகள் கப்பல் புறப்படப் போகும்போது ஊதுவது. ஒஸ்லோவில் இது எப்படிக் கேட்கும்?

"எங்கை பிள்ளை நிக்கிறாய்?"

"கீழை."

"எந்தக் கீழை?"

"படிக்குக் கீழை அப்பா. அம்மா மேலை நிண்டு அழுறா. நீங்கள் வீட்டிலை இல்லையாம்."

பரராசசிங்கத்தின் வாய் கோணியது. "ஏறு பிள்ளை," என்றார். "நான் சொன்னது பிழை. ஏறு. ரெண்டாம் படியிலை ஐஸ் இருக்கும், கம்பியைப் பிடிச்சு ஏறு."

"அவரும் நிக்கிறார் அப்பா."

மீன் அவர் கைக்குள் அசையாமல் நின்றது. ஆறும் கொஞ்சம் பொறுத்தது என்று ஓட்வார் இன்றைக்கும் சொல்லுவான், அவன் பொய் சொல்லுகிற ஆளில்லை. பரராசசிங்கம் தகப்பனை நினைத்தார், கிணற்றடியை நினைத்தார், இந்தக் குளிருக்குள் தன் கையிலிருந்த மீனைப் பார்த்தார், வெட்கம் வந்தது.

"ரெண்டு பேரும் ஏறுங்கோ," என்றார்.

"நீங்கள் வந்து கூப்பிடுங்கோ. நிக்கிறம். கப்பல் போனால் போகட்டும்."

வாலில் ஓர் உதறல். கையில் வளையலின் குளிர் வழுக்கிப் போனது. நெற்றிப் பொட்டு ஒருக்கால் தெரிந்து, சரளைக்கு மேலே போய், பக்கம் சாய்ந்து வாலால் கல்லைக் கிளறத் தொடங்கியது. "கூடு கட்டுகிறாள்," என்றான் ஓட்வார். இருவரும் நனைந்த உடுப்போடு வண்டிக்கு ஓடினார்கள்.

வீட்டடியில் பாதி ஊர் நின்றது. கனகலிங்கம் மாஸ்டர் குடை பிடித்துக்கொண்டு நின்றார், மழை இல்லை. மேலே, திறந்த கதவில் மங்கையர்க்கரசி, உள்ளே இருந்து சரக்குத்தூள் மணம். கீழே, படியை முட்டின மாதிரி நிரோசினி, வயிறு முன்னுக்குத் தள்ள, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு. இரண்டடி தள்ளி, பையைக் கட்டிப்பிடித்தபடி ஜெறோம். இறங்கின பரராசசிங்கத்தின் உடுப்பால் தண்ணி வடிந்தது, மீன் மணம் அடித்தது. அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு ஜெறோம்தான் முதலில் வாய் திறந்தான்.

"பெரிய மீனோ மாமா?"

"ஓம். சினை மீன்."

"விட்டிட்டியளோ?"

"விட்டிட்டன்."

"எங்கடை அப்பப்பாவும் விட்டிடுவார்," என்றான் ஜெறோம். "வலையிலை சினை மீன் உயிரோட வந்தால், வீட்டுக்குக் கறி இல்லாட்டியும் விட்டிடுவார்."

பரராசசிங்கம் தலையை ஆட்டினார். "வாரும் தம்பி," என்றார், "நீரும் ஏறும்." பிறகு மகளின் பக்கம் திரும்பினார். பழைய பழக்கம் விடுமா, கேட்டுவிட்டார்: "வாறதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை. திடீரெண்டு இண்டைக்கு?"

"திடீரெண்டு இல்லை அப்பா." அவள் படியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இந்த நாலு வருசத்திலை அவர் கப்பலிலை வரேக்கை நானும் வருவன். கப்பல் இஞ்சை அரை மணித்தியாலம் நிக்கும். இறங்கி ஓடி வந்து இந்த இடத்திலை நிப்பன். உங்கடை ரீவி வெளிச்சம் தெரியும். பேந்து கப்பல் ஊதும், போயிடுவன்."

"எத்தினை தரம்?"

"இதோட அஞ்சு."

மங்கையர்க்கரசி மேலே நின்று வாயைப் பொத்தினாள். கனகலிங்கம் மாஸ்டர் குடையை மடக்கினார். பரராசசிங்கம் மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். உள்ளங்கைக்குள் ஒரு கண்ணாடி வளையல் குளிர்ந்தது. சிவப்பு வளையல், எந்தக் கடையிலும் வாங்கலாம். எங்கே வாங்கினாய், யார் போட்டது, ஏன் நனைந்திருக்கு என்று வாய் வரைக்கும் வந்த கேள்விகளை அவர் விழுங்கினார். தன் முகத்தைப் படிப் பக்கம் திருப்பி நின்றார். தள்ளவில்லை. இழுக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டு, அவளாகக் காலைத் தூக்கி முதலாம் படியில் வைக்கும் வரைக்கும் பொறுத்தார்.